விலை சொல்லும் நேரம்

ஒரு நாள் மாலை, கோயமுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். முகத்தில், பெண்ணுக்கு வரன் பேசப் போய்ப் பாதியில் எழுந்து வந்தவரின் களை.

"அண்ணா, ஒரு லெட்டர் எழுதித் தரணுங்க. எழுதறது உங்க தொழில். உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை" என்றார்.

பத்து நிமிஷ வேலை! தம்முடைய தொழிலைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காத மனிதர் அவர். "ஒரு க்ளிக்தானே சார்" என்று ஒரு நகைக்கடைக்காரர் சொன்னதை மூன்று வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறார். என் தொழில் என்று வரும்போது மட்டும் அவருக்குப் பத்து நிமிஷம் தாராளமாகத் தோன்றுகிறது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவன் வேலை எப்போதும் சுலபமாகத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தன் நாற்பது வகை மோட்டார்களையும் படம் பிடித்துத் தரும்படி அவரைக் கேட்டிருக்கிறது. கேட்லாக்கில் அச்சிட வேண்டும்; சிலவற்றை நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பலகைகளிலும் வைக்கப் போகிறார்கள். "கொட்டேஷன் அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். கடிதம் உண்மையிலேயே பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. ரூபாய் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எந்த எண்ணை எழுதுவது என்பதற்குத்தான் இரவு பதினொரு மணி ஆயிற்று. என் மனைவி இரண்டு தடவை காப்பி கொடுத்தாள். மூன்றாவது தடவை கேட்காமலேயே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிற அம்மாள் என் முகத்தை நேரே பார்த்து, "கிலோ நாப்பது" என்கிறாள். அவள் குரல் தடுமாறுவதில்லை. முப்பது வருஷம் தொழில் செய்து தேர்ந்த இந்த மனிதருக்கு மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது? கத்தரிக்காய் அவளுக்கு வெளியே, கூடையில் இருக்கிறது. தன் வேலைக்கு விலை சொல்கிறவனோ தன்னையே தராசில் ஏற்றிக்கொண்டு நிற்கிறான். கூடச் சொன்னால் தலைக்கனம் என்று நினைப்பார்களோ என்ற பயம். குறைத்துச் சொன்னால் வீட்டுக்குப் போய்த் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாத வெட்கம்.

இதில் நம் பழைய பழக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வித்துவானுக்குத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்போம். அவர் எண்ணிப் பார்க்கமாட்டார். எண்ணிப் பார்த்தால் அவர் வித்துவான் இல்லை என்று ஒரு நினைப்பு. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பதினாறு லட்சம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப் பரணி சொல்கிறது. பாட்டு 301 அடி. அடிக்கு ஐயாயிரம் பொன்னுக்கு மேல் விழுகிறது. நான் இதுவரை எழுதிய அத்தனை நாவல்களையும் அந்த விகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோழ நாட்டையே எழுதிக் கொடுத்தாலும் கட்டாது. ஆனால் கவனியுங்கள்: புலவர் விலை சொல்லவில்லை. அரசன் கொடுத்தான், அவர் வாங்கிக்கொண்டார். அதே பாட்டுக்குள்ளேயோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வருகிறார்கள். வாங்கும்போது அளவுக்கு மேல் வாங்கமாட்டார்கள். கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று புலவர் அவர்களைப் புகழ்கிறார். விலை சொல்வது வணிகனுக்கு உரிய அறம், பரிசில் பெறுவது கலைஞனுக்கு உரிய அறம் என்று அந்தக் காலத்தில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. என் நண்பரைப் போன்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பம்ப்செட்டைப் படம் பிடிப்பதில் கலை என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் ஸ்டூடியோவில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு நினைக்கவில்லை. பளபளவென்று பெயிண்ட் அடித்த வார்ப்பிரும்பு கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. விளக்கு, காமிரா, காமிராவுக்குப் பின்னால் நிற்கும் மனிதர், அவருடைய வெள்ளைச் சட்டை எல்லாம் அதில் தெரிகின்றன. சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் காகிதத்தால் கூடாரம் போல் அடைத்து, வெளிச்சத்தை அதன் வழியாக வடிகட்டி விட வேண்டும். அப்படிச் செய்தால் உருவம் மாவுருண்டை போல் ஆகிவிடுகிறது. ஆகவே ஓரங்களை எடுத்துக்காட்ட அங்கங்கே கறுப்பு அட்டை வைக்க வேண்டும். பெயர்த் தகட்டில் உள்ள எழுத்து படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டால் போயிற்று. உதவிக்கு நிற்கும் பையன், கல்யாணத்தில் கை அலம்பாமல் பந்திக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தான். காலையிலிருந்து இருட்டும்வரை எட்டு மோட்டார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் கோடு பிடித்து வெட்டி எடுக்கிற வேலை தனி.

ஆக, நாற்பது மோட்டாருக்கு ஐந்து நாள் படப்பிடிப்பு, மூன்று நாள் கம்ப்யூட்டர். எட்டு நாள். ஒரு நாளைக்கு என்ன போடுவது? கடைசியில் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் காகிதம் பென்சிலுடன் உட்கார்ந்தோம். ஸ்டூடியோ வாடகை, பையன் சம்பளம், மின்சாரம், காமிராவும் லென்சும் விளக்கும் தேய்ந்து போவதற்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்க வேண்டிய தொகை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஆறு லட்சம். வீட்டுச் செலவும் பெண்ணின் படிப்பும் இன்னோர் ஆறு. பன்னிரண்டு லட்சம். அதை 365-ஆல் வகுக்கப் போனவரை நான் தடுத்தேன். "வருஷத்தில் எத்தனை நாள் கூலி விழுகிற வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் டைரியைப் புரட்டினார். நூறு நாள். மற்ற நாட்கள் ஆள் பார்ப்பதிலும், பில் எழுதுவதிலும், எழுதிய பில்லுக்குப் பணம் கேட்டு நடப்பதிலும், வெறுமனே காத்திருப்பதிலும் போய்விடுகின்றன. நூறால் வகுத்தால் நாளைக்குப் பன்னிரண்டாயிரம். இத்தனை வருஷமாக அவர் வாங்கி வந்தது ஐயாயிரம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. இத்தனை காலம் குடும்பம் எப்படி நடந்தது என்று அப்போதுதான் அவருக்கே புரிந்ததுபோல் இருந்தது. மனைவி டைலரிங் செய்கிறார். அப்பா விட்டுப்போன வீடு, வாடகை இல்லை. அதாவது, பம்ப்செட் கம்பெனிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இவருடைய மனைவியும் காலஞ்சென்ற தகப்பனாரும் வருஷா வருஷம் தள்ளுபடி கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

எட்டு நாளைப் பன்னிரண்டாயிரத்தால் பெருக்கினால் 96,000. சரி, கோட்டின் மேல் எழுதிவிடலாம் அல்லவா? அங்கேதான் உண்மையான தகராறு ஆரம்பமாயிற்று. கணக்கு நமக்குச் சொல்வது, இதற்குக் கீழே போனால் பட்டினி என்ற தரைமட்டத்தைத்தான். வேலையின் மதிப்பு அதுதானா?

1878-ஆம் வருஷம் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. விஸ்லர் என்ற ஓவியர், இரவு வானத்தில் வாணவேடிக்கைப் பொறிகள் உதிர்வதைத் தீட்டி, 200 கினி விலை போட்டிருந்தார். ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் அதைப் பார்த்துவிட்டு மிகவும் இழிவாக எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், படம் தீட்ட எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டார். இரண்டு நாள் என்றார் ஓவியர். இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்றார் வக்கீல். இல்லை, ஆயுள் முழுவதும் தேடிய அறிவுக்கு என்றார் விஸ்லர். இந்தப் பதிலை எல்லாரும் சொல்லி மகிழ்கிறார்கள். மேலே நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. வழக்கில் விஸ்லர் ஜெயித்தார்; நஷ்டஈடாக ஜூரிகள் கொடுத்தது ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் கிடைக்கவில்லை. மறு வருஷம் அவர் திவாலானார். பதில் அழகான பதில்தான். அதை அரிசிக்கடையில் மாற்ற முடியவில்லை.

இருந்தாலும் அந்தப் பதிலில் உள்ள நியாயத்தை என்னால் தள்ள முடியவில்லை. என் நண்பர் முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு மோட்டாரைப் படம் பிடிக்க ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டிருப்பார். இன்று ஒரு மணி நேரம். நாள் கணக்கில் கூலி என்றால், திறமை கூடக் கூட வருமானம் குறைய வேண்டும் என்றல்லவா ஆகிறது? தட்டித் தடவிச் செய்கிறவனுக்கு எட்டு பங்கு, தேர்ந்தவனுக்கு ஒரு பங்கு. எந்தத் தர்மத்தில் இது பொருந்தும்?

ஆகவே மேல்நாட்டில் வேறொரு முறை வைத்திருக்கிறார்கள். எடுக்கிற கூலி ஒன்று. படத்தைப் பயன்படுத்துகிற உரிமைக்குக் கட்டணம் மற்றொன்று. எங்கே, எந்த அளவில், எத்தனை வருஷம், எந்தெந்த நாட்டில் என்று பார்த்து அது ஏறும், இறங்கும். 1947-இல் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், ராபர்ட் கப்பா முதலியவர்கள் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கியதற்கு முக்கியமான நோக்கமே, எடுத்த படத்தின் உரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவனிடமே தங்க வேண்டும் என்பதுதான். நம் நாட்டில், 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு அவரே முதல் உரிமையாளர் என்கிறது. வேறு விதமாக உடன்பாடு செய்துகொண்டிருந்தால் ஒழிய. என் நண்பர் முப்பது வருஷத்தில் ஒரு உடன்பாடும் செய்துகொண்டதில்லை. "கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு விட்டுட்டேங்கண்ணா" என்றார்.

பலகையில் வைக்கப் போகிறார்களே, அதற்குத் தனியாகக் கேளுங்கள் என்றேன் நான். எனக்கு நியாயமாகப் பட்டது. அவருக்குப் படவில்லை. "என் வேலை ஒண்ணுதானுங்களே. சின்னதா போட்டாலும் அதே படம், பெருசா போட்டாலும் அதே படம். அவங்களுக்கு லாபம் வருதுன்னு நான் கூடக் கேக்கலாமா?" என்றார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த தாமஸ் அக்குவினாஸ் என்ற கிறிஸ்தவத் துறவி இதே கேள்வியை எடுத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். அவர் புத்தகத்தின் பெயர் சும்மா தியோலாஜிகா. நம் ஊர்ச் 'சும்மா' அல்ல. படித்து முடிக்க ஆயுள் வேண்டும். அதில் அவர் சொல்வதன் சாரம் இது: ஒரு பொருளைப் பிரிவதால் விற்கிறவனுக்குத் தனி நஷ்டம் உண்டானால் அதைச் சேர்த்து விலை சொல்லலாம். வாங்குகிறவனுக்குப் பெரிய லாபம் உண்டாகிறது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றக் கூடாது; ஏனென்றால் அந்த லாபம் வாங்குகிறவனுடைய நிலைமையிலிருந்து வருவது, விற்கிறவனுடையது அல்ல. வாங்கியவன் தானாக மனமுவந்து கொஞ்சம் கூடக் கொடுத்தால் அது அவனுடைய பெருந்தன்மை.

என் நண்பர் அக்குவினாஸைப் படித்தவர் அல்ல. ஆனாலும் அவருடைய கட்சி. நான் எதிர்க்கட்சியில் மாட்டிக்கொண்டேன்.

தாகத்தால் சாகக் கிடக்கிறவனிடம் ஒரு குவளைத் தண்ணீருக்கு மோதிரத்தைக் கேட்கிறவன் பாவி. இதில் துறவியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் குதிரையையும் கோதுமையையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார். குதிரையை விற்றால் குதிரை போய்விடும், பேச்சு முடிந்தது. படம் அப்படிப் போவதில்லை. வீட்டை வாடகைக்கு விடுவதுபோல் அது. ஒரு மாதம் இருக்கிறவன் ஒரு மாத வாடகையும், மூன்று வருஷம் இருக்கிறவன் மூன்று வருஷ வாடகையும் கொடுப்பதை யாரும் பேராசை என்று சொல்வதில்லை. படம் எத்தனை நாள் நின்று வேலை செய்கிறதோ அத்தனை நாள் கூலி. இப்படி நான் வாதாடினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர் சிறிது யோசித்துவிட்டு, "அந்த மோட்டாரோட கூட்டை வார்த்தானே பவுண்டரியில ஒரு மோல்டர், அவனும் நாள் கூலிதானே வாங்கறான்? அவன் வார்த்த இரும்பு இருபது வருஷம் கிணத்துல தண்ணி இறைக்குது. அவனுக்கு வாடகை தர்றாங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சரியான பதில் வரவில்லை. வேலை இல்லாத நாளிலும் மோல்டருக்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கு இல்லை என்றேன். அது பாதிப் பதில். தினக்கூலி மோல்டரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இரும்பு ஒன்றுதான், படம் பல ஆகும் என்றேன். அதுவும் முழுமையாக இல்லை. மோல்டருக்கு நடப்பது அநியாயமென்றால் அதையே காரணம் காட்டி இவரும் அநியாயத்துக்கு உட்பட வேண்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். இப்போதும் அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது. நாவலுக்கு ராயல்டி வாங்குகிறவன் நான். அச்சுக் கோத்தவருக்கு ராயல்டி கிடையாது. வாங்கும்போது இதை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

இன்னொருவரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1936-இல் டொரோதியா லாங்கே என்ற பெண்மணி கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் ஒரு தாயைப் படம் எடுத்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்க, கன்னத்தில் கை வைத்த அந்தத் தாயின் முகத்தை உலகம் முழுவதும் பார்த்திருக்கிறது. லாங்கே அரசாங்க வேலையில் இருந்ததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது, ராயல்டி இல்லை. படத்தில் இருந்த ப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் யார் என்று ஊருக்குத் தெரிந்ததே 1978-இல்தான். தமக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். எடுத்தவருக்கும் இல்லை, இருந்தவருக்கும் இல்லை. பம்ப்செட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது குறைப்பட்டுக்கொள்ளாது.

பத்து மணிக்கு மேல் அவர் வேறொரு விஷயத்தைச் சொன்னார். பொள்ளாச்சிப் பக்கம் பெண்கள் சிலர் சேர்ந்து தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். அவர்களுக்குப் போன மாதம் பாட்டில்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். பஸ் செலவு மட்டும் வாங்கிக்கொண்டார். நகைக்கடைக்கு அதே அளவு வேலைக்கு இருபதாயிரம் போட்டார். "ஆளுக்கு ஒரு விலை சொல்றது அயோக்கியத்தனமாங்கண்ணா?" என்று கேட்டார்.

எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. அயோக்கியத்தனம் எங்கே வருகிறதென்றால், ஒரே விலை என்று நடித்துவிட்டு இரண்டு விலை வாங்கும்போதுதான். எண்ணெய் ஆட்டும் பெண்களுக்கு அவர் கொடுத்தது தானம். தானத்தைத் தானம் என்று எழுத வேண்டும். பில்லில் முழுத் தொகையையும் எழுதி, அதன் கீழே இவ்வளவு கழித்திருக்கிறேன் என்றும் எழுத வேண்டும். டம்பத்துக்காக அல்ல. எழுதாமல் விட்டால், பாட்டில் படத்துக்கு விலை பஸ் செலவுதான் என்று ஊரில் ஒரு கணக்கு நிலைத்துவிடும். அடுத்த தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன் அந்தக் கணக்கில் அடிபடுவான். தானம் கொடுத்தவர் இவர், கட்டினவன் அவன்.

"அதையேதானே அந்தப் பொடியன் செய்யறான்!" என்று நண்பர் சட்டென்று சூடாகிவிட்டார். புதிதாகக் காமிரா வாங்கிய ஓர் இளைஞன், ஒரு படம் நூறு ரூபாய் என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறானாம். நாற்பது படம் நாலாயிரம்! பெயர் போட்டால் போதும் என்று சிலருக்கு இனாமாகவே எடுத்துக் கொடுக்கிறானாம். தொழிலைக் கெடுக்கிறான், சோற்றில் மண் போடுகிறான் என்று ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். பிறகு திடீரென்று நிறுத்திக்கொண்டார்.

"என் குருநாதர் ஸ்டூடியோவுக்கு எதிர்த்தாப்பல நான் கடை போட்டேன். உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எனக்குத் தெரியாது.

"இருபத்திரண்டு வயசு. கல்யாண ஆல்பத்துக்கு அவர் வாங்கறதில் பாதிக்கு எடுத்தேன். ரெண்டு முகூர்த்த சீசன். அப்புறம் அவர் கடையை மூடிட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க. வழியில பார்த்தா, சாப்பிட்டியாப்பா அப்படிம்பார்."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இளைஞனுக்கும் வயிறு இருக்கிறது, கதவு திறக்க அவனுக்கு வேறு சாவி ஏது என்று சொல்லலாம். அவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. என் மேஜையின் மேல் கிடந்த என்னுடைய நாவல் ஒன்றை எடுத்துச் சும்மா பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பின்னட்டையில் இருக்கிற என் படம் அவர் எடுத்தது. இருபது வருஷத்துக்கு முன்பு, அவருடைய வீட்டுத் திண்ணையில், மாலை வெயிலில். என்னை மூன்று தடவை சட்டை மாற்றச் சொன்னார், நான் சலித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்தப் படம்தான். பத்திரிகைகளில் அதுதான், கூட்டம் போடுகிறவர்கள் பந்தல் வாசலில் கட்டுகிற துணியிலும் அதுதான். என் முகத்தைவிட அந்தப் படத்தைத்தான் வாசகர்களுக்குத் தெரியும். நேரில் பார்க்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். பதிப்பாளரிடம் என் ராயல்டிக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! அந்தப் படத்துக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று ஒரு தடவை கேட்டதில்லை. எடுத்தவர் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. இவ்வளவு நேரம் வாடகை, உரிமை, அக்குவினாஸ் என்று அவருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவன் நான்.

"இந்தப் படத்துக்கும் ஒரு பில் போடுங்கள். இருபது வருஷத்துக்கும் சேர்த்து" என்றேன். குரல் விளையாட்டாக வரவேண்டும் என்று முயற்சி செய்தேன், வரவில்லை.

"அட, அதுக்குத்தான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுப் புஸ்தகம் கொடுத்தீங்களே" என்றார் அவர்.

"படித்தீர்களா?"

"இல்லீங்கண்ணா. நேரமே கிடைக்கலை."

இருவரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பேனாவை எடுத்து, கடிதத்தில் கூலி 96,000 என்றும், சாலைப் பலகைகளில் இரண்டு வருஷம் பயன்படுத்த 50,000 என்றும் இரண்டு வரியாக எழுதினார். மொத்தம் 1,46,000. எழுதும்போது அவர் கை சிறிது நடுங்கியதைப் பார்த்தேன். முன்பு இதே அளவு வேலைக்கு நாற்பதாயிரம் வாங்கியவர். நானும் ஒரு கடிதம் எழுதினேன், பதிப்பாளருக்கு. அடுத்த பதிப்பிலிருந்து படம் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும் என்றும், என் ராயல்டியில் ஒரு தொகையைக் கழித்து அவருக்கு அனுப்ப வேண்டும் என்றும். எவ்வளவு என்று எழுத வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறபடியே கடிதம் நாலு நாள் என் மேஜையில் கிடந்தது. ஐந்தாம் நாள் ஒரு எண்ணை எழுதி அனுப்பினேன். போதுமா, அதிகமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் நண்பர் டெலிபோன் செய்தார். காலை பத்து மணிக்குக் கொட்டேஷனை அனுப்பினாராம். பத்தேகாலுக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டதாம்: சம்மதம், திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்கலாம்.

"பிறகென்ன, சந்தோஷம்தானே?" என்றேன்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"கால் மணி நேரத்துல சரின்னுட்டாங்களேண்ணா," என்றார் கவலையோடு. "குறைச்சுக் கேட்டுட்டேனோ?"